தாராளமாகக் கிடைக்கும்

சுரங்கம் தோண்டப் போகிற ஒரு கம்பெனியின் திட்ட அறிக்கை சென்ற மாதம் என் மேஜைக்கு வந்தது. முழு அறிக்கையல்ல, தமிழில் போட்ட சுருக்கம். 2006-ஆம் வருஷத்து விதிப்படி, ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பதற்கு முன்னால் உள்ளூர் பாஷையில் இப்படி ஒன்று கொடுத்தாக வேண்டும். கொண்டு வந்தவர் எனக்குத் தெரிந்த எஞ்சினீயர். "தமிழ் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சார்" என்றார்.

தமிழ் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

'தள நிலைமை' என்று ஓர் அட்டவணை. மழை இவ்வளவு, பாறை இன்ன வகை, தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டு வரலாம், மின்சாரக் கம்பி பக்கத்தில் போகிறது. தொழிலாளர்: சுற்று வட்டாரத்தில் தாராளமாகக் கிடைக்கும். ஜல்லியும் தாராளமாகக் கிடைக்கும் என்று அடுத்த வரி சொல்லிற்று.

நான் முகம் சுளித்ததைப் பார்த்து எஞ்சினீயர் சமாதானம் சொன்னார். "சுரங்கம் வந்தால்தான் சார் அந்தக் காட்டுக்கு ரோடு வரும், விளக்கு வரும். கோலார் தங்கவயலைப் பாருங்கள். பெங்களூருக்கு முன்னால் அங்கே கரண்ட் வந்துவிட்டது!"

உண்மை. 1902 ஜூன் மாதம், சிவசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரிலிருந்து எடுத்த மின்சாரம் 92 மைல் கம்பியில் ஓடித் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் தெருவில் விளக்கு எரிந்தது 1905-ல்தான். இந்தப் பெருமையைச் சொல்லாதவர்கள் கிடையாது. ஆனால் அந்த மின்சாரம் யாருக்காக வந்தது என்று ஒருவராவது கேட்டதுண்டா? நீராவி இயந்திரத்துக்குக் கரி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை; அதற்காக வந்தது. வழியிலிருந்த கிராமங்களுக்குத் தலைக்கு மேலே கம்பி போயிற்று, அவ்வளவுதான்.

தங்கவயலிலேயே என்ன நடந்தது? வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஊர் ஒதுக்கி வைத்த தமிழ் ஜனங்கள் சாரி சாரியாகப் போனார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மூங்கில் தட்டியால் மறைத்த குடிசை. தட்டி வீடு என்றே அதற்குப் பெயர். துரைமாருக்குத் தோட்டத்தோடு பங்களா, கிளப்பு, கோல்ப் மைதானம். பாலாற்றுத் தண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. 1894-ல் ரயில் வந்தது. எல்லாம் வந்தன, ஐயா! தட்டி வீட்டு வாசலை மட்டும் அவற்றுக்கு அடையாளம் தெரியவில்லை.

இன்னொன்று சொல்கிறேன். சாம்பியன் ரீப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறை 60 டிகிரிக்கு மேல் சுடும். மனிதன் நிற்க முடியாது. என்ன செய்தார்கள்? மேலே குளிர்பதன யந்திரம் வைத்துக் காற்றைக் குளிர வைத்து உள்ளே அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் அது அசாத்தியமான காரியம், ஒப்புக்கொள்கிறேன். பாதாளத்துக்குக் குளிர்காற்று அனுப்பத் தெரிந்தவர்களுக்கு ஒரு குடும்பத்துக்கு இரண்டு அறை கட்டத் தெரியாதா? தெரியும். பாதாளத்தில் தங்கம் இருந்தது; குடிசையில் இல்லை.

ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரிதான். அதை மறைப்பது யோக்கியமல்ல. ஆனால் பாறைத் தூசி புகுந்து நெஞ்சடைத்துப் போனவர்களுக்கு அது வேண்டித்தான் இருந்தது.

120 வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி போய் 1956-ல் மைசூர் சர்க்கார் ஏற்றது, பிறகு மத்திய சர்க்கார் ஏற்றது. சர்க்கார் மாறியது, கணக்கு மாறவில்லை. 2001 பிப்ரவரி 28-ந் தேதி மூடினார்கள். தண்ணீர் இறைக்கும் யந்திரம் நின்றது, சுரங்கம் நிரம்பிற்று. ஆஸ்பத்திரியும் போயிற்று. மிஞ்சியவை, சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த சக்கை மண் மேடுகள். 13 மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல். காற்று அடித்தால் அந்தத் தூசி வீட்டுச் சோற்றுப் பானை வரை வரும். சயனைடு மண்ணுக்கு மட்டும் தட்டி வீட்டு விலாசம் தெரிந்திருக்கிறது! ரயிலும் மிஞ்சியது. தங்கத்துக்காகப் போட்ட அந்தத் தண்டவாளத்தில், மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் ஏறி, சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள்.

எஞ்சினீயரின் அறிக்கையில் சுரங்கத்தின் ஆயுள் 30 வருஷம் என்று போட்டிருந்தது. மூடும் திட்டம் என்று சட்டப்படி ஒன்றும் இருந்தது. குழியைச் சுற்றி வேலி கட்டுவார்களாம், மரம் நடுவார்களாம். எத்தனை மரம் என்று எண்ணிக்கை உண்டு. வேலை போனவர்கள் எத்தனை பேர் என்று இல்லை.

தொழிலாளர் என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன்: 'இவர்கள் வீட்டுக் குழாயில் 31-ஆம் வருஷம் தண்ணீர் விடப் போவது யார்?'

எஞ்சினீயர் படித்துப் பார்த்தார். "நான் தமிழை மட்டும்தானே சார் பார்க்கச் சொன்னேன்?" என்றார்.

"இதுவும் தமிழ்தானே?" என்றேன்.