கல்லூரியில் சேர்ந்தாயிற்று, பிறகு?

ஜூன் மாதக் கடைசி வந்துவிட்டால் ஊர் பஸ்களில் ஒரு புதுக் களை தோன்றிவிடும். புதுப் பையும் புதுச் செருப்புமாக வாலிபர்களும் இளம் பெண்களும் ஏறுகிறார்கள். "எந்தக் காலேஜ்? என்ன மேஜர்?" என்று பக்கத்தில் இருப்பவர்கள் விசாரிக்கிறார்கள். பதில் சொல்லும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தில் பெருமையும் இருக்கிறது; கொஞ்சம் பயமும் இருக்கிறது.

இடம் கிடைத்துவிட்டது. பணமும் கட்டியாயிற்று. இனி என்ன?

"நன்றாகப் படி" என்பார்கள் பெரியவர்கள். நல்ல புத்திமதிதான். ஆனால் அது மட்டும் போதாது. கல்லூரிக்குப் புதிதாக வருகிறவர் முதலில் பழக வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்பதுதான் அது!

வீட்டில் சொல்ல ஆள் இல்லை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தோன்றியது. பெண்களுக்கென்று ராணி மேரிக் கல்லூரி 1914-ல் வந்தது. அந்த நாளில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் பலருக்கு வீட்டிலேயே வழி சொல்ல ஆள் இருந்தது. அப்பா வக்கீலாக இருப்பார். அல்லது மாமா பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பார்.

இன்று நிலைமை வேறு. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கல்லூரிக்குப் போகும் வயதில் உள்ளவர்களின் தொகையோடு ஒப்பிட்டால், தமிழ்நாட்டில் உயர்கல்வி பயில்வோர் நூற்றுக்கு 47 என்ற விகிதத்தில் இருந்தார்கள். இந்தியா முழுமைக்கும் அந்த விகிதம் சுமார் 28தான். இது சாதாரண வளர்ச்சி அல்ல.

ஆனால் இந்தப் பெருமைக்குள்ளே ஒரு சங்கடமும் இருக்கிறது. கொத்தனார் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்கு வருகிறான். பூக்கட்டி விற்கும் தாயின் மகள் வருகிறாள். செமஸ்டர் என்றால் என்ன, இன்டர்னல் மார்க் எப்படிப் போடுகிறார்கள், போனாபைடு சர்டிபிகேட்டை யாரிடம் வாங்குவது என்று அவர்களுக்கு வீட்டில் சொல்ல ஆள் இல்லை. வெளியே கேட்கவோ வெட்கம். "இதுகூடத் தெரியாதா?" என்று யாராவது சிரித்துவிட்டால்?

அந்தச் சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறவர்கள்தான் முதல் செமஸ்டரிலேயே சறுக்குகிறார்கள். சிலர் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்புவதே இல்லை. அறிவு குறைந்ததால் அல்ல, வழி தெரியாததால்!

68 நாள் கணக்கு

ஓர் உதாரணம் சொல்லுவோம். "மூன்று வருஷம் இருக்கிறதே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். மூன்று வருஷம் என்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் கணக்கு. உள்ளே இருப்பவருக்கு 90 நாள்தான் கணக்கு. ஒரு செமஸ்டருக்கு ஏறக்குறைய 90 வேலை நாட்கள். பரீட்சை எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பது பொதுவான விதி. அதாவது 68 நாள் வகுப்பில் இருக்க வேண்டும். தவறக்கூடியது 22 நாள்.

அக்காள் கலியாணத்துக்கு 4 நாள். ஊர்த் திருவிழாவுக்கு 3 நாள். காய்ச்சலுக்கு 6 நாள். மழையில் பஸ் வராமல் போனது 3 நாள். ஆக, 16 நாள் போய்விட்டது! மீதி ஆறே நாள். சினிமாவுக்கும் சிநேகிதர்களுக்கும் அந்த ஆறு நாள் எம்மாத்திரம்?

கடைசிச் சுற்றுக் கவுன்சிலிங்கில் தாமதமாகச் சேர்ந்தவருக்கு வருகை எந்தத் தேதியிலிருந்து கணக்கு? டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் எத்தனை நாள் தள்ளுபடி? இவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கேட்டால்தான் தெரியும். நவம்பரில் ஹால் டிக்கெட் வராதபோது கேட்பதைவிட, ஜூலையில் கேட்பது புத்திசாலித்தனம்.

மார்க்கும் அப்படித்தான். பல பல்கலைக்கழகங்களில் நூற்றுக்கு 25 மார்க் கல்லூரிக்குள்ளேயே போடப்படுகிறது. அசைன்மென்டும் இடைத் தேர்வும் அதில் சேரும். இது தெரியாமல் கடைசிப் பரீட்சையையே நம்பி இருப்பவர், பந்தயத்தை 25 அடி பின்னால் நின்று ஆரம்பிக்கிறார். முதல் செமஸ்டரில் விழும் அரியர் ஒன்றே ஆனாலும், அடுத்த செமஸ்டரின் பாடங்களோடு அதுவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆங்கிலம் என்ற பூதம்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவருக்குக் கல்லூரியில் காத்திருக்கும் பூதம், ஆங்கிலம். பேராசிரியர் மளமளவென்று ஆங்கிலத்தில் பேசுகிறார். முன் பெஞ்சில் தலைகள் ஆடுகின்றன. பின் பெஞ்சில் இருப்பவர், "எனக்கு மட்டும்தான் புரியவில்லை" என்று எண்ணிக்கொள்கிறார். ஆடிய தலைகளிலும் பாதிக்குப் புரிந்திருக்காது என்பது அவருக்குத் தெரியாது!

பூதத்தை விரட்ட மந்திரம் வேண்டாம். நாளைக்குப் பத்துச் சொற்கள், அதுவும் தம்முடைய பாடத்தில் வரும் சொற்கள் போதும். தமிழில் விடை எழுத இடமுண்டா என்பதையும் கேட்டுவிட வேண்டும். ஆங்கில வழியில் நடக்கும் படிப்பானாலும், மாணவர் தம் மொழியில் தேர்வு எழுத அனுமதிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி என்ன? கேளுங்கள்!

ராமானுஜனின் கடிதம்

கேட்பது அறியாமையின் அடையாளம் என்று நினைப்பவர்கள் கணித மேதை ராமானுஜனை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர். கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டார், உதவித்தொகை பறிபோயிற்று. பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேறவில்லை. அவ்வளவு பெரிய மேதைக்கும் கல்லூரியின் கணக்கு வேறாக இருந்தது.

ஆனால் அவர் சோர்ந்துவிடவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். தம் கணக்குகளைப் பார்த்துச் சொல்லும்படி கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். முதல் இருவரிடம் பயன் இல்லை. 1913 ஜனவரியில் மூன்றாமவருக்கு எழுதினார். அவர்தான் ஹார்டி. 1914-ல் ராமானுஜன் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. இரண்டு பேர் கதவைத் திறக்கவில்லை என்று அவர் வெட்கப்பட்டு நின்றிருந்தால்?

யாரிடம் கேட்பது?

முதலில் உங்கள் டியூட்டரிடம். பெரும்பாலான கல்லூரிகளில் வகுப்புக்கு ஓர் ஆசிரியரை அப்படி நியமித்திருப்பார்கள். அவர் பெயரையும், எந்த அறையில் இருப்பார் என்பதையும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, கல்லூரி ஆபீஸ். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. வேறு உதவித்தொகைகளும் உண்டு. எதற்கு நீங்கள் தகுதி, கடைசித் தேதி எது, வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையெல்லாம் ஜன்னலில் நின்று கேட்டால்தான் உண்டு. ஒரு நாள் முகம் சுளித்தால், மறுநாள் போங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

பிறகு, நூல் நிலையம். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்தவர். வாசகர்கள் தாங்களே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கும் முறையை அங்கே கொண்டுவந்தார். நூலகர் என்பவர் புத்தகத்துக்குக் காவல்காரர் அல்ல, கேட்பவருக்குத் துணை. அவரிடம் பேசுங்கள்.

மூத்த மாணவர்களிடமும் கேட்கலாம். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராகிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து சும்மா இருப்பது பெரிய காரியம் அல்ல. போன வருஷம் நீங்கள் பட்ட அவஸ்தை புதியவர் படாமல் வழி சொல்வதே அண்ணன், அக்காளுக்கு அழகு.

"எல்லாம்தான் செல்போனில் இருக்கிறதே!" என்று சிலர் சொல்லக்கூடும். பாடம் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் உங்கள் கல்லூரி ஆபீஸில் எந்த நாள் எந்தக் குமாஸ்தா மனு வாங்குவார் என்பது செல்போனுக்குத் தெரியாது. நீங்கள் மூன்று நாளாக வகுப்பில் வாடிய முகத்தோடு இருப்பதும் அதற்குத் தெரியாது. ஓர் ஆசிரியருக்குத் தெரியும்.

கல்லூரிகளின் கடமை

பொறுப்பு முழுவதையும் மாணாக்கர் தலையில் சுமத்துவது நியாயமல்ல. முதல் வாரத்தில் மாலையும் மேடையும் போட்டு வரவேற்புரை நடத்துகிறார்கள். வேண்டியதுதான். அதோடு ஒரே ஒரு தாள் கொடுத்தால் என்ன? வருகை விதி, மார்க் கணக்கு, உதவித்தொகைத் தேதிகள், யாரை எங்கே பார்ப்பது என்று நல்ல தமிழில் இரண்டு பக்கம். செலவு ஒரு டீ விலைகூட ஆகாது. "இதுகூடத் தெரியாதா?" என்ற வார்த்தையை வகுப்பிலிருந்தும் ஆபீஸிலிருந்தும் ஒழித்துவிட்டால் இன்னும் விசேஷம்.

பெற்றோரும் மார்க்கை மட்டும் விசாரிக்காமல், "இன்றைக்கு யாரிடமாவது ஏதாவது கேட்டாயா?" என்று விசாரிக்கலாம். படிக்காத தாயும் கேட்கக்கூடிய கேள்வி அது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னது வம்பு பேசுவதற்கு அல்ல. நாளை திங்கட்கிழமை. மனசில் உறுத்திக்கொண்டிருக்கும் சந்தேகம் ஒன்றை எழுதிக்கொண்டு, டியூட்டரின் அறைக்குப் போங்கள். கேட்டால் ஐந்து நிமிஷக் கூச்சம். கேட்காவிட்டால் ஒரு வருஷமே வீணாகலாம்.