உடம்பை ஏத்தி இறக்குறதுதான் நடிப்பா?

1/ மாடலிங்ல இருந்து சினிமாவுக்கு வந்தா பலரும் சொல்றது: "முகம் இருக்கு, நடிப்பு வராது." அந்தப் பேச்சை உடைச்சவர் சார்லிஸ் தெரோன். ஆனா அவர் கதையில இருந்து தப்பான பாடம் கத்துக்கிட்டோமோன்னு ஒரு டாக்டரா எனக்குத் தோணுது. நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 16 வயசில் மாடலிங் போட்டியில் ஜெயிச்சு மிலான் போனார். பிறகு நியூயார்க்கில் பாலே. முழங்கால் காயத்தால் அதுவும் நின்னுச்சு. அப்புறம்தான் சினிமா.

3/ 2003ல் 'மான்ஸ்டர்'. தொடர் கொலைகள் செய்த ஐலீன் வூர்னோஸ் வேடம். அதுக்காக சுமார் 14 கிலோ ஏத்தினார். 2004ல் ஆஸ்கர். ஊரே பேசினது அந்த 14 கிலோவைத்தான். அவரோட நடை, குரல், கண்ணுல தெரிஞ்ச பயம், இதெல்லாம் எடை மெஷின்ல காட்டாதுங்க.

4/ 2018ல் 'டல்லி'. இந்தத் தடவை சுமார் 22 கிலோ. எடை ஏத்தின காலத்தில் மனச்சோர்வு வந்ததையும், குறைக்க ஒன்றரை வருஷம் ஆனதையும் அவரே பேட்டியில் சொன்னார். 27 வயசு உடம்பு வேற, 40க்கு மேல வேற.

5/ வேகமா எடை ஏறினா கல்லீரல்ல கொழுப்பு படியும். சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏறலாம். வேகமா குறைச்சா பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு கூடும்.

6/ மாடலிங்ல ஆபத்து எதிர்ப்பக்கம். பட்டினி கிடந்து எடை ரொம்பக் குறைஞ்சா மாதவிடாய் நிக்கும், ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு மெலியும். எலும்பு வலுவைச் சேமிக்கிற வயசே டீன் ஏஜும் இருபதுகளும்தான். மாடலிங் வயசும் அதுவே!

7/ அதனாலதான் பிரான்ஸில் 2017 முதல் மாடல்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். இஸ்ரேலில் 2012லேயே பிஎம்ஐ 18.5க்குக் கீழே இருந்தா விளம்பரத்தில் வரக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. ராம்ப்ல ஒல்லியா நின்னா "ஆபத்து"ன்னு சட்டம் போடுறோம். அதே பொண்ணு சினிமாவில் உடம்பை வருத்தினா "அர்ப்பணிப்பு"ன்னு கைதட்டுறோம். என்ன நியாயம்?

8/ வேற வழி இல்லையா? இருக்கு. 'டார்க்கஸ்ட் ஹவர்' படத்தில் கேரி ஓல்ட்மன் சர்ச்சிலா மாறினது ஒப்பனையாலும் திணிப்பு உடையாலும்தான். 2018ல் நடிப்புக்கும் ஒப்பனைக்கும் ரெண்டு ஆஸ்கர் கிடைச்சது.

9/ என் கருத்து: மாடல் நடிகையாகுறது உடம்பை மாத்துற நாள்ல இல்ல, உடம்பை மட்டுமே நம்புறதை விடுற நாள்ல. தெரோன் ஜெயிச்சது அப்படித்தான்.

10/ இந்தத் துறைக்குப் போக ஆசைப்படுற பொண்ணு உங்க வீட்டில் இருந்தா, தாராளமா அனுப்புங்க. ஆனா தொடர்ந்து 3 மாசம் மாதவிடாய் வரலன்னாலோ, சாப்பாட்டைக் கண்டாலே பயந்தாலோ, "டயட்ல இருக்கா"ன்னு விட்டுடாதீங்க. உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வாய்ப்பு திரும்ப வரும். கரைஞ்ச எலும்பு முழுசா திரும்புறது கஷ்டம்.