காத்திருக்கும் காலம்

நத்தார் என்றதும் நம் நினைவில் எழுவன, அயல்வீட்டார் அனுப்பும் கேக்கும், வாயிலில் தொங்கும் நட்சத்திரக் கூடும், நள்ளிரவு மணியோசையுமே. அப்பண்டிகைக்கு முன்னே நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஆயத்தக் காலம் ஒன்றுண்டு என்பதைக் கிறிஸ்தவரல்லாத நம்மிற் பலர் அறியார். திருவருகைக் காலம் என்பது அதன் பெயர். நவம்பர் 30ஆந் திகதிக்கு மிக அண்மையில் வரும் ஞாயிறன்று அது தொடங்கும். கத்தோலிக்கக் குருமார் ஊதா நிற உடை தரிப்பர். வானவர் பாடியதாகச் சொல்லும் மகிமைக் கீதம் அந்த ஞாயிறுகளிற் பூசையில் ஒலியாது. பசிய இலைவளையத்தில் வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுதிரிகள் ஏற்றப்படும். ஹம்பேர்க் நகரில் ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய விக்கெர்ன் என்பார், பிள்ளைகள் நாள் எண்ணிக் காத்திருக்க 1839இல் ஏற்றிய விளக்குகளிலிருந்து வளர்ந்த வழக்கம் அது.

இந்துவாகிய யான் இதனை எழுதுவதில் வியப்பில்லை. சுவாமி விபுலாநந்தரே மட்டக்களப்பின் மெதடிஸ்த கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர் அன்றோ!

தமிழ் மாணவர்க்கு இக்காலத்தின் உட்பொருளை விளக்க எளிய வழியொன்றுண்டு. முல்லைத் திணைக்குப் பெரும்பொழுது கார்; சிறுபொழுது மாலை; உரிப்பொருள் இருத்தல். பிரிந்தவன் மீள்வேன் என்று சொன்ன சொல்லைப் பற்றிக்கொண்டு, மழை இறங்கிய பின்னும் மனங்கலங்காது ஆற்றியிருத்தலே அது. சோம்பியிருத்தல் அன்று, அந்தியில் விளக்கேற்றி இல்லறம் பேணிக்கொண்டே இருத்தல். இலக்கண நூலார் கூறிய கார் ஆவணியும் புரட்டாதியுமே. எனினும் நம் கிழக்கு மண்ணில் மழை ஐப்பசிக்குப் பின்னர்தான் வலுக்கின்றது. வாவி நிறைந்து வயல்கள் பசுக்கும் அந்நாள்களிலேயே திருவருகைக் காலமும் வருகின்றது.

கிறிஸ்தவர் எவரைக் காத்திருக்கின்றனர்? பெத்லகேமில் முன்னமே பிறந்துவிட்டவரை ஏன் மீண்டும் எதிர்நோக்க வேண்டும்? டிசம்பர் 16 வரை ஆலயத்து வாசகங்கள், யுக முடிவில் அவர் திரும்பி வருதலையே பெரிதும் பேசுகின்றன. 17ஆந் திகதி முதலே பாலன் பிறப்பை நோக்கித் திரும்புகின்றன. நமது மார்கழி பிறப்பதும் அந்நாளை ஒட்டியே. வந்தவரே வரப்போகிறவர், இவ்விரு வருகைகளுக்கும் இடைப்பட்டதே தம் வாழ்வு என்பது அவர்தம் நம்பிக்கை. குடில் கட்டி, மாடும் ஆடும் வைத்து, நடுவிலுள்ள தொட்டியை மட்டும் நள்ளிரவுவரை வெறுமையாக விடுகின்றனரே, அவ்வெறுமையைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். நவம்பர் நடுவிலேயே கடைவீதியெங்கும் நத்தார்ப் பாட்டை முழக்கும் வணிகர்க்கு அதற்கு நேரமில்லை.

மட்டக்களப்பாருக்கோ காத்திருத்தல் ஏட்டுச் சுரைக்காய் அன்று. புனித மிக்கேல் மாணவர்க்குக் கூடைப்பந்து பயிற்றிய அமெரிக்க யேசுசபைக் குரு யூஜின் ஹீபர்ட், 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து புறப்பட்டவர் வந்து சேரவேயில்லை. அவரைப் போல் மீளாதோர் பலர். வாசலைப் பார்த்திருக்கும் தாய்மாரும் பலர். 2005இல் நத்தார் நள்ளிரவுப் பூசை வேளையில், புனித மரியாள் பேராலயத்தினுள்ளேயே பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். மகிழ்ச்சிக் கீதம் மீண்டும் ஒலிக்க வேண்டிய இரவு அது.

அதற்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்ததை யாவரும் அறிவர். நத்தாருக்கு மறுநாள், 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையிற் கடல் எழுந்தது. வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் நாவலடியிலும், பறங்கியர் வாழ்ந்த டச்பாரிலும் இந்து, கிறிஸ்தவர் என்ற வேறுபாடின்றி உயிர்கள் போயின. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் எனப் படித்தோம். முல்லையின் இருத்தலுக்கும் நெய்தலின் இரங்கலுக்கும் இடையே அவ்வாண்டு ஒரு பகல்தான் இருந்தது.

இன்றும் அக்கரையோரக் கிறிஸ்தவர் நான்கு மெழுகுதிரிகளையும் ஏற்றியே பாலனைத் தொட்டியிற் கிடத்துகின்றனர். மறுநாட் காலை 9.25க்கு, இறந்தோருக்காக நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கையில், அக்குடில் இன்னும் பிரிக்கப்படாமல் அங்கேயே இருக்கின்றது.