பொறிக்குள்ள ஒரு துண்டு நஞ்சு

2017 இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். குடிச்சு இல்லை, அடிக்கேக்க சுவாசிச்சு. கலைப்பீடத்தில படிக்கிற உனக்குப் பூச்சியைப் பற்றி என்ன கதை எண்டு கேப்பியள். நஞ்சை ஆர் சுவாசிக்கிறது எண்டது பூச்சியியல் கேள்வி மட்டும் இல்லைத்தானே.

அமெரிக்காவில் பருத்தியை அரிச்சது காய்க் கூன்வண்டு. 1890களில் மெக்சிகோவிலிருந்து டெக்சாசுக்குள் வந்தது. ஆண் வண்டு வெளிவிடும் வாசனையில் இருக்கிற நாலு இரசாயனங்களை 1969 இல் இனங்கண்டார்கள். அதைச் செயற்கையாகச் செய்து பொறியில் வைத்தால் ஆணும் வரும், பெண்ணும் வரும். வந்த வண்டு மேல்நோக்கி ஏறி, கூம்பு வழியாக உச்சியில் இருக்கிற சின்னக் கூட்டுக்குள் போய் மாட்டும். அந்தக் கூட்டுக்குள்ள டைக்குளோர்வொஸ் ஊறின ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவி வரும், வண்டு செத்துவிடும்.

பிடிச்சாப் போதாதா, பிறகேன் நஞ்சு எண்டுதான் நானும் முதல் நினைச்சன். நஞ்சு இல்லாட்டி சில வண்டுகள் திரும்ப வெளிய வந்திடும். இல்லாட்டிச் சிலந்தி உள்ள குடியேறி, பிடிபட்டதைத் தின்னும். எண்ணிக்கை பிழைச்சிடும். ஏனென்றால் அந்தப் பொறியின்ர முக்கிய வேலை கொல்லுறது இல்லை, எண்ணுறது. எந்த வயலில் வண்டு இருக்கு எண்டு பார்த்து, அங்க மட்டும் மலத்தியன் அடிச்சார்கள், விமானத்தாலும்தான். ஆகவே பொறி வந்ததும் மருந்து போய்விட்டது எண்டு யாரும் கதை விட்டால் நம்பாதேங்கோ. ஆனா வண்டு போனபிறகு அதுக்கு அடிக்கிற தேவையும் போச்சு. 1978 இல் வட கரோலினா, வர்ஜீனியா எல்லையில் பரீட்சார்த்தமாகத் தொடங்கினது, இண்டைக்குத் தெற்கு டெக்சாசின் மெக்சிகோ எல்லையோரத்தில்தான் வண்டு மிச்சம்.

எனக்கு இதில் பிடிச்ச விசயம் பொறி இல்லை, வாக்கெடுப்பு. ஒருத்தர் மட்டும் தன்ர வயலைச் சுத்தமாக்கிப் பிரயோசனமில்லை, பக்கத்து வயல் வண்டு பறந்து வரும். அதால விவசாயிகள் வாக்குப் போட்டு, எல்லாரும் சேருறது எண்டு முடிவெடுத்தார்கள்.

இதை அப்படியே யவத்மாலுக்குக் கொண்டுபோகேலாது. அங்க பெரிய தலையிடி இளஞ்சிவப்புக் காய்ப்புழு. அதின்ர வாசனைப் பொறிக்கு ஆண் அந்துப்பூச்சி மட்டும்தான் வரும், பெண் தன்பாட்டில முட்டையிடும். அப்ப அது வெறும் எச்சரிக்கை மணி. அதிலும், பொறியைக் குடுத்திட்டு எண்ண ஆளில்லாமல் விட்டால் தடியில தொங்கிற பிளாஸ்டிக் மட்டும்தான். நஞ்சுத் துண்டு வைக்கிறது எண்டால் அதை மாத்துறவருக்குக் கையுறையும் வேணும், அதுவும் நரம்பைத் தாக்கிற சாமான்தான்.

எண்டாலும் முதுகில தாங்கி சுமந்து நஞ்சு மூட்டத்துக்குள்ள நடக்கிறதோட ஒப்பிட்டால், பத்துப் பொறியை எண்ணிப்போட்டு 'இந்தக் கிழமை அடிக்கத் தேவையில்லை' எண்டு சொல்லுறது எவ்வளவோ மேல். அந்த எண்ணுற வேலைக்குச் சம்பளம் ஆர் குடுக்கிறது? அமெரிக்காவில் விவசாயிகள் ஏக்கர்க் கணக்கில் கட்டினார்கள், அரசும் ஒரு பங்கு போட்டது. கூலிக்கு மருந்தடிக்கிற ஒருவரிட்ட அதைக் கேக்கேலாது.