செத்தா பாஸ்வேர்டு யாருக்கு?

கூகுள் கணக்குக்கு வாரிசு வெச்சிருக்கீங்களான்னு பொட்டி தட்டுற நண்பர்களைக் கேட்டா, "நல்ல நாளும் அதுவுமா ஏன்யா சாவுப் பேச்சு?"ன்னு கடுப்பாகுறாங்க. ஏன் சாமிகளா, எல்.ஐ.சி. பாலிசியில நாமினி பேரு எழுதினீங்களே, அது மட்டும் மங்கள காரியமா?

2004ல ஈராக்கில் இறந்த ஓர் அமெரிக்க வீரரோட மெயிலுக்காக, பெத்தவங்க கோர்ட் ஏற வேண்டியிருந்தது. 2005ல நீதிபதி உத்தரவு போட்ட பிறகுதான் யாஹூ கொடுத்தது. இப்போ அந்த அலைச்சல் தேவையில்லை. கூகுள் 2013லேயே வசதி கொடுத்தாச்சு. நாம குறிச்ச காலத்துக்கு, அதிகபட்சம் 18 மாசம், கணக்குப் பக்கம் எட்டிப் பார்க்கலைன்னா நாம சொன்ன ஆளுங்களுக்குத் தகவல் போகும். விரும்பினா மெயிலும் போட்டோவும்கூட அவங்க கைக்குப் போகும். ஒண்ணும் செய்யலைன்னா? 2 வருஷம் சும்மா கிடக்கிற கணக்கை கூகுளே அழிச்சிடலாம்.

"பாஸ்வேர்டு வீட்டுக்காரிக்குத் தெரியுமே"ங்கிறவங்களுக்கு: ஓடிபி உங்க நம்பருக்குத்தானே வரும்? ரீசார்ஜ் பண்ணாத சிம் எத்தனை நாள் உயிரோட இருக்கும்?

இணையத்துல மட்டுமே பழகின நண்பர்களுக்கு யார் சேதி சொல்லுவா? நாலு பேர் பேரையாவது எழுதி வீட்டில் கொடுங்க.

சர்வருக்கு ரெண்டு பேக்கப் எடுக்கிற ஆளுங்க நாம. இன்னிக்கே பத்து நிமிஷம் ஒதுக்கி அந்த செட்டிங்கைப் போடுங்க. சகுனம் பார்த்தது போதும்.