குளிரிலும் தண்ணீர் குடியுங்கள்!

மஞ்சூரில் வெயில் ஏது? உடம்பில் நீர் வற்றுவதெல்லாம் கீழே கோவை, ஈரோட்டுக்காரர்களுக்குத்தானே? அப்படி நினைத்தால் தவறு!

குளிரில் தாகம் தெரிவதில்லை. ஆனால் கொழுந்து மூட்டையோடு மேடு ஏறினால் வியர்வை ஓடத்தான் செய்கிறது. பெண்களுக்கு இன்னொரு கஷ்டம். "தண்ணி குடிச்சா ஒதுங்க இடம் எங்கே?" என்று காலை டீயோடு மாலை வரை இருந்து விடுகிறார்கள். ஊட்டி பஸ்சில் போகும் ஊழியர்களும் இப்படித்தான்.

இந்த நிலையில் வாந்தி, பேதி வந்தால் ஆபத்து. நீர் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். கழிவு உடம்பிலேயே தங்கும். ஓரிரு நாளில் சிறுநீரகம் "ஸ்டிரைக்" செய்து விடும்!

அடையாளம் என்ன? சிறுநீர் குறைந்து, டிகாஷன் நிறத்தில் போகும். நாக்கு வறளும். எழுந்தால் தலை சுற்றும். 8 மணி நேரம் சிறுநீரே இல்லை, பேச்சு குழறுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் உடனே ஆஸ்பத்திரிதான். "கிரியேட்டினின்" ரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். நேரத்தோடு போனால் பெரும்பாலும் டிரிப் ஏற்றியே தேற்றி விடுவார்கள். தாமதித்தால் டயாலிசிஸ்!

பேதி தொடங்கியதுமே ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் கரைத்துக் குடியுங்கள். பொட்டலம் இல்லையா? அதே 1 லிட்டரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போதும்.

"வெறும் உப்புத் தண்ணிதானே" என்று இளக்காரம் வேண்டாம். 1971ல் மேற்கு வங்கத்தின் பாங்கான் அகதி முகாமில் காலரா. டிரிப் பாட்டில் தீர்ந்தது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் குளுக்கோசும் உப்பும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 100க்கு 30 பேர் வரை இறந்த இடத்தில் சாவு 4க்கும் கீழே இறங்கியது!

மேல்வலிக்கு டைக்ளோபினாக், இபுபுரூபன் மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுவோரும், இருதய நோயாளிகளும் டாக்டரைக் கேட்டு நடப்பது நல்லது.

எஸ்டேட்டில் குடிநீரும் கழிப்பிடமும் வேண்டும் என்று 1951ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பறிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவை இல்லாமல் "தண்ணீர் குடி" என்று உபதேசித்து என்ன பயன்?

நிர்வாகங்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு குடம் தண்ணீரும் ஒரு கழிப்பிடமும் டயாலிசிசை விட மலிவு!