ஹாட் ஸ்வாப் சர்வருக்கு ஸ்டெப்னி எங்கே?

"சர்வரை நிறுத்தாமலே ஹார்ட் டிஸ்க்கை மாற்றலாம் சார்!" இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே எத்தனை சர்வர்கள் விற்கப்படுகின்றன! பொய்யில்லை. கெட்டுப்போன வன்தட்டின் கொக்கியை விடுவித்து, கொஞ்சம் வெளியே இழுத்து, சுழற்சி நிற்க அரை நிமிடம் பொறுத்து, உருவிவிடலாம். அதே வகையில், அதே கொள்ளளவோ கூடுதலோ உள்ள புதியதைச் சொருகினால், மற்ற வன்தட்டுகளில் உள்ளதைக் கொண்டு கன்ட்ரோலர் தகவல்களைத் திரும்ப எழுதிவிடும். இதற்கு ரெய்ட் முறை போட்டிருக்க வேண்டும். (1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ரெய்டை முன்வைத்தபோது அதன் பெயரில் 'மலிவான' என்ற சொல் இருந்தது. பிற்பாடு அது 'தனித்தனியான' என்று மாறிவிட்டது. விற்பவர்களுக்கு வசதிதான்!)

எல்லாம் சரி, மாற்றுவதற்கு வன்தட்டு வேண்டாமா?

தென்காசியை அடுத்த இலத்தூரில் ஓர் அலுவலகம் சர்வர் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒருநாள் மஞ்சள் விளக்கு எரிகிறது. திருநெல்வேலிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். அங்கே அந்த மாடல் இல்லையென்றால், 600 கிலோமீட்டர் தாண்டிச் சென்னையிலிருந்து கூரியரில் வரவேண்டும். அதுவரை? ரெய்ட் 5 என்றால், இன்னொன்றும் போனால் மொத்தமும் போச்சு. ஒரே நாளில் வாங்கி ஒன்றாக ஓடியவை ஆயிற்றே, ஒன்றுக்கு வயதானால் பக்கத்தில் இருப்பதற்கு ஆகாதா? புதியது வந்தாலும் உடனே நிம்மதி இல்லை. 4 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நிரப்பவே 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலை நேரத்தில் இன்னும் இழுக்கும்.

ஒன்று கூடுதலாக வாங்கி அலமாரியில் வையுங்கள் என்றால், "சும்மா கிடக்கிற பொருளுக்கா பணம்?" என்கிறார்கள். ஸ்டெப்னி இல்லாமல் ஆரியங்காவு மலைப்பாதையில் காரை ஏற்றாதவர்கள்தான் இவர்கள்!

கணக்குப் பார்ப்பவர்களாவது யோசிக்கலாம். கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணை சர்வருக்குப் போடும் ஆயுள் 6 ஆண்டு. வன்தட்டுக்குக் கிடைக்கும் உத்தரவாதமோ பெரும்பாலும் 3 அல்லது 5 ஆண்டு. சர்வர் பேரேட்டில் உயிரோடு இருக்கும்போதே வன்தட்டின் உத்தரவாதம் முடிந்துவிடும் என்பது வாங்கும் நாளிலேயே தெரிந்த சங்கதி. இதை 'எதிர்பாராத செலவு' என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

இதைவிடப் பெரிய மடமை, ரெய்ட் இருந்தால் பேக்கப் வேண்டாம் என்று நினைப்பது. தவறுதலாக அழித்த லெட்ஜரை ரெய்ட் எல்லா வன்தட்டிலும் ஒழுங்காக அழித்து வைக்கும், அவ்வளவுதான். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. வெளியே பிரதி இல்லாததால் அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் சாம்பலாயின. அங்கே பணமில்லையா, நிபுணர்கள் இல்லையா? கணினியில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப் வைக்கவேண்டும் என்று 2022 ஆகஸ்டில் இங்கே விதியே திருத்தப்பட்டது. சிறு கடைக்காரருக்கு அந்த விதி பொருந்தாமல் போகலாம். நெருப்புக்கு அந்தப் பாகுபாடு தெரியுமா?

சர்வருக்கு விலைப்புள்ளி கேட்பவர்கள் இரண்டு வரிகளைச் சேர்த்தே கேட்கட்டும்: பெட்டியோடு கூடுதலாக ஒரு வன்தட்டு, வேறு கட்டிடத்தில் ஒரு பேக்கப். அந்த இரண்டு வரிக்கும் விலை போடாமல் வரும் தாளைத் திருப்பி அனுப்பட்டும்.